வேண்டாம் என்ற ஆட்டுக்குட்டி

உடைந்த கையோடு நிறைமதி இரண்டு நாள் பள்ளிக்கூடம் போய் வந்திருந்தாள்.

அந்த இரண்டு நாளும் அவளைக் குளிப்பாட்டியது அவள் அப்பா மருதன். பிள்ளை ஒன்றும் சொல்லாததால் அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை சட்டையைக் கழற்றிய அம்மா வடிவுதான் இடது முழங்கை பூசணிப் பிஞ்சு போல வீங்கியிருப்பதைக் கண்டாள். தொட்டதும் குழந்தையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. வாய் மட்டும் சிரித்தபடி இருந்தது.

"வலிக்குதாடா கண்ணு?"

"நல்லா ஆயிடும்மா."

மருத்துவமனையில் டாக்டர் ஜெசிந்தாவும் அதையே கேட்டார். அதே பதில் வந்தது. எங்கே வலிக்கிறது என்று காட்டச் சொன்னபோது நிறைமதி சரியாக முறிந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"அப்ப ஏன் பாப்பா யார்கிட்டயும் சொல்லலை?"

நிறைமதி யோசித்தாள். ஏதோ ஒரு சொல்லைத் தேடி, அது இருக்க வேண்டிய இடத்தில் காணாமல் திரும்பி வந்தவளைப் போல விழித்தாள். பிறகு, "நாளைக்குச் சொல்றேன் டாக்டர்" என்றாள்.

கை முறிந்த கதையை டாக்டர் கேட்கக் கேட்க அவளே சொன்னாள். விளையாட்டு ஆசிரியர் எல்லோரையும் இரும்புக் கம்பியைப் பிடித்துத் தொங்கச் சொன்னார். அப்போது அவருக்கு அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். அதுவரை இருபத்திரண்டு பிள்ளைகளும் தொங்கினார்கள். கை வழுக்கிக் கீழே விழுந்தவர்கள் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, மறுபடியும் தொங்கினார்கள். நிறைமதி நான்காவது முறை விழுந்தபோது முழங்கை போனது. ஐந்தாவது முறை ஒற்றைக் கையால் தொங்கினாளாம்.

"இந்த வாரத்துல இது பதினோராவது எலும்பு" என்றார் டாக்டர். "எல்லாம் முளைப்பாட்டுப் பிள்ளைங்க. அந்தப் பாட்டை எழுதின ஆள் மட்டும் என் கையில கிடைச்சா..."

"நான்தான் டாக்டர் எழுதினேன்" என்றாள் வடிவு.

டாக்டர் மாவுக்கட்டுப் போட ஆரம்பித்தார்.

முளைப்பாட்டு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்ததும் மழலை மொழி வாரியத்திலிருந்து ஒரு சின்ன டப்பா வீட்டுக்கு வரும். உள்ளே செம்பருத்தி மொட்டு அளவில் ஒரு கருவி, செவிப்பூ. அதைப் பிள்ளையின் காதில் பொருத்தி, தாயோ தகப்பனோ பன்னிரண்டு வரிப் பாட்டைச் சொந்தக் குரலில் பாட வேண்டும். மூளையின் துடிப்பைச் செவிப்பூ கவனித்து, எந்த அசை எந்தத் துடிப்பில் விழ வேண்டுமோ அந்தத் துடிப்பில் சேர்க்கும். நாளுக்கு மூன்று வேளை, இருபத்தொரு நாள். இருபத்திரண்டாம் நாள் அந்தப் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளையைப் போலப் பேசும். பேசாத பிள்ளை, திக்கும் பிள்ளை என்று மாநிலத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. வடிவுக்குப் பொன்னாடைகள் போட்டே அவள் பீரோ நிறைந்துபோனது.

பன்னிரண்டு வரிக்குள் முழு மொழி எப்படி அடங்கும் என்று யாரும் கேட்கலாம். அடங்காது. ஆனால் வேர்கள் அடங்கும். 'தா' என்ற சொல் பாட்டில் இருந்தால் கேட்பது, வாங்குவது, கொடுப்பது, நன்றி சொல்வது எல்லாம் அதிலிருந்து தானாகக் கிளைக்கும். பாட்டில் வேர் இல்லாத சொல்லைப் பிள்ளை காதால் கேட்கும், சொல்லச் சொன்னால் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்லும். தானாக அது வாயில் வராது.

வண்டி வருது மணி அடிக்குது
வாசல் எல்லாம் பூத்துக் கெடக்குது
தட்டு நெறையச் சோறு இருக்குது
தா தா என்றால் கையும் நீளுது
உண்டு உண்டு எல்லாம் உண்டு
ஓடி வந்தால் உனக்கும் உண்டு

இப்படிப் போகும் அந்தப் பாட்டு. வடிவு முதலில் எழுதியது பதினாறு வரி. கடைசி நான்கு வரியில் ஒரு ஆட்டுக்குட்டி வந்தது. அது தலையைக் குறுக்கே ஆட்டி வேண்டாம் என்றது, முட்டித் தள்ளியது, தூரப் போனது. வாரியக் கூட்டத்தில் அந்த நான்கு வரியைப் படித்ததும் எல்லோரும் ஒரு நிமிடம் நெளிந்தார்கள். பிள்ளை வாழ்க்கையில் கற்கிற முதல் பாட்டு. அதில் வேண்டாம், இல்லை, போ என்றெல்லாமா வருவது? நம் வீடுகளில் விளக்கை அணை என்று யாராவது சொல்கிறோமா, குளிர வை என்றுதானே சொல்கிறோம்? அரிசி தீர்ந்துவிட்டால்கூட 'நிறைந்திருக்கிறது' என்கிறோம். கிளம்பும்போது போகிறேன் என்றா சொல்கிறோம், போய்விட்டு வருகிறேன் என்றல்லவா சொல்கிறோம்?

யாரும் வடிவை வற்புறுத்தவில்லை என்பதுதான் வேதனை. அவர்கள் சொன்னது அவளுக்கும் சரியாகப் பட்டது. அவளும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான். சொந்தக் கையால் ஆட்டுக்குட்டி வரிகளைக் கோடு போட்டு அடித்தாள். வாரியத்தில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் வழங்கினார்கள்.

அதன் பலனை ஊரே கொண்டாடியது. பென்சில் இருக்கிறதா என்று கேட்டால் முளைப்பாட்டுப் பிள்ளைகள் இல்லை என்று சொல்வதில்லை, "நாளைக்கு இருக்கும்" என்றார்கள். பாகற்காய் பிடிக்குமா என்றால் "பிடிச்சிரும்" என்றார்கள். பாட்டுக்கு அபிநயமும் உண்டு; அதில் தலை மேலும் கீழும்தான் ஆடும். தலையைக் குறுக்கே ஆட்டுவதையே பிள்ளைகள் மறந்துபோனார்கள். கடைத்தெருவில் பொம்மைக்காகப் புரண்டு அழும் பிள்ளையைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று பெரியவர்கள் பூரித்தார்கள். சமத்து என்ற சொல் அந்த நான்கு வருடத்தில் புழங்கிய அளவுக்கு அதற்குமுன் எப்போதும் புழங்கியிருக்காது.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று வடிவு மகளை மடியில் வைத்துக்கொண்டு, "வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

"வேண்டாம்" என்று அழகாகச் சொன்னாள் நிறைமதி.

"யாராவது கையில அடிபடுற மாதிரி எதையாவது செய்யச் சொன்னா என்ன சொல்லுவ?"

"சரின்னு சொல்லுவேன்."

வடிவு மாவுக்கட்டைத் தடவிக்கொடுத்தாள். பெண் பிள்ளை. நாளை யாராவது தனியாகக் கூப்பிட்டால் போவாள். எதைச் செய்தாலும் நல்லா ஆயிடும் என்பாள். வயது ஆறு நிறைந்துவிட்டால் மூளையில் வேர் பிடிக்கும் பருவம் முடிந்துவிடும்; பிறகு எந்தப் பாட்டும் ஏறாது. நிறைமதிக்கு ஆறு நிறைய இருபத்தாறு நாள் இருந்தது.

மறுநாள் காலை வாரியத் தலைவர் சிங்காரவேலுவின் அறையில் போய் நின்றாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் மேசையில் எப்போதும் பிள்ளைகளுக்கென்று கடலை மிட்டாய் இருக்கும்.

"விடுபட்ட நாலு வரியையும் சேர்க்கணும் சார். எல்லாப் பிள்ளைக்கும்."

"இருபத்தாறு லட்சம் பிள்ளைங்க இருக்காங்கம்மா. நீங்களும் நானும் உக்காந்து முடிவு பண்ற விஷயமா இது? பெத்தவங்களக் கேப்போம்."

கேட்டார்கள். அடுத்த நாளே எல்லா வீட்டுத் திரையிலும் கேள்வி வந்தது: உங்கள் பிள்ளைக்கு மறுப்புச் சொல் கற்பிக்கலாமா? கீழே இரண்டு கட்டங்கள். மாலைக்குள் முடிவு வந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் 'வேண்டாம்' என்ற கட்டத்தைத் தொட்டிருந்தார்கள். அந்தச் சொல் அவர்கள் கைவசம் தாராளமாக இருந்தது.

அதில் மருதனும் ஒருவன் என்று வடிவுக்குச் சாப்பிடும்போது தெரிந்தது.

"கை உடைஞ்ச பிள்ளையப் பாத்துக்கிட்டேதான் அமுக்குனீங்களா?"

"வாத்தியார மாத்தச் சொல்லு, கம்பியப் பிடுங்கச் சொல்லு. அதுக்காகப் பிள்ளைய எதுத்துப் பேசப் பழக்கணுமா? நம்ம பொண்ண சமத்துன்னு இந்தத் தெருவே பேசுது வடிவு. அதையும் கெடுத்துறாத."

நிறைமதி இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தபடி பாகற்காய்ப் பொரியலைத் தின்றுகொண்டிருந்தாள். விழுங்கும்போது உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. "நல்லா இருக்கு" என்றாள், யாரும் கேட்காமலே.

வடிவு அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். சோதனைக் காலத்துப் பழைய செவிப்பூ ஒன்று அவள் அலுவலகப் பையில் இருந்தது. வாரிய அனுமதி இல்லாமல் பாட்டு விதைப்பது குற்றம். தெரியும். அந்த விதியையும் அவள்தான் எழுதியிருந்தாள்.

ஆட்டுக்குட்டி தலைய ஆட்டுது
அகத்திக் கீரை வேண்டாம் என்குது
முட்டி முட்டித் தள்ளி விடுது
துள்ளித் துள்ளித் தூரப் போகுது

மருதன் வேலைக்குக் கிளம்பிய பிறகு ஒரு தடவை, மதியம் பள்ளி இடைவேளையில் வண்டிக்குள் ஒரு தடவை, சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது ஒரு தடவை. செவிப்பூ ஒவ்வொரு முறையும் பாட்டு தொடங்கும் முன் பிள்ளையிடம் மெல்லிய குரலில் "பாடலாமா?" என்று கேட்கும். பிள்ளை மறுத்தால் நின்றுவிடும். பிள்ளையின் சம்மதம் இல்லாமல் அதன் மூளையைத் தொடக் கூடாது என்று சட்டம். தவிர்க்க முடியாத நேரத்தில் பெற்றோர் கருவியின் முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் மறுப்பை மீறிப் பாட்டு ஓடும். அந்த வசதியை இதுவரை யாரும் தொட்டதில்லை. மறுக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இல்லாதபோது எதற்குத் தொடுவார்கள்?

"பாடலாமா?" என்று கேட்கும். "பாடலாம்" என்பாள் நிறைமதி. பதினாறு நாள் இப்படிப் போனது. அவளிடம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. வடிவு இரவில் தூங்குவதை விட்டுவிட்டாள், கன்னம் ஒட்டிப்போனது.

பதினேழாம் நாள் காலை.

"பாடலாமா?"

"வேண்டாம்."

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தலைகூடக் குறுக்கே ஆடியது. வடிவு பிள்ளையை வாரி எடுத்து, மாவுக்கட்டு இடிக்க இடிக்கக் கொஞ்சித் தீர்த்துவிட்டாள். அடுக்களையில் நின்று அழுதாள், சிரித்தாள். நிறைமதிக்குச் சர்க்கரை போட்டு ஒரு முறுகல் தோசை வார்த்தாள். காலை வேளைப் பாட்டு தவறிப்போனது அவளுக்கு நினைவிலேயே இல்லை.

மதியம் வண்டிக்குள் மறுபடியும், "வேண்டாம்."

அப்போதுதான் வடிவுக்கு உறைத்தது. அவளே எழுதிய கையேட்டின் ஏழாம் பக்கம். பாட்டு இருபத்தொரு நாளும் முடிய வேண்டும். தொடர்ந்து மூன்று வேளை விட்டால் முளை கருகும். கருகிய முளை அந்தப் பிள்ளைக்குத் திரும்ப வராது. இன்னும் நாலேகால் நாள் பாக்கி. பிள்ளை 'வேண்டாம்' என்பதை மதித்தால் அந்த வேண்டாம் செத்துவிடும். அதை உயிரோடு வைக்க வேண்டுமென்றால் அதை மீற வேண்டும்.

சாயங்காலம் மாடியில் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஏன்டா கண்ணு வேண்டாங்கிற? உனக்கு ஆட்டுக்குட்டியப் பிடிக்கும்ல?"

"காதுக்குள்ள எறும்பு ஓடுதும்மா."

"எப்ப இருந்து?"

"முதல் நாள்லேருந்து ஓடுது. ரொம்பக் கடிக்குது. வேண்டாம்மா."

பழைய கருவி. உள்ளே எங்கேயோ கசிந்து பிள்ளையின் காதைச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஐம்பது தடவைக்கு நெருங்கிப் பாடியிருக்கிறாள். ஐம்பது தடவையும் எறும்பு கடித்திருக்கிறது. சொல்ல வழி கிடைத்த அன்றைக்கே பிள்ளை சொல்லிவிட்டது. வேறு கருவி வாங்க வாரியத்தில் பெயர் கொடுக்க வேண்டும்; கொடுத்தால் மாட்டிக்கொள்வாள். கொடியில் துணிகள் அடித்துக்கொண்டிருந்தன. வடிவு அவற்றைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். தன்னைப் பெற்றவள்கூட மன்னிக்கமாட்டாள் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே கட்டைவிரலைச் செவிப்பூவின் முதுகில் வைத்து அழுத்தினாள்.

"நாலே நாள்டா தங்கம். அப்புறம் உன்ன யாரும் எதுவும் செய்ய முடியாது."

பாட்டு ஓடியது. நிறைமதி அவளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் இல்லை. ஒரு புது விஷயத்தைக் கற்கும் பிள்ளையின் முகம் அது.

பதினெட்டாம் நாள் "வேண்டாம்" என்று அழுதாள், வடிவு அழுத்தினாள். பத்தொன்பதாம் நாள் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இருபதாம் நாள் "வேண்டாம்" என்று சொல்லி, தானே முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். இருபத்தொன்றாம் நாள் வடிவின் கட்டைவிரலைப் பிடித்து, வைக்க வேண்டிய இடத்தில் அவளே வைத்தாள். செவிப்பூவில் பச்சை ஒளி வந்தது. முளைத்துவிட்டது என்று பொருள்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் வடிவு சோதித்துப் பார்த்தாள். தட்டில் பாகற்காய் வைத்தாள். அவள் வாழ்க்கையில் எதற்கும் இவ்வளவு ஏங்கியதில்லை.

"வேண்டாம்" என்றாள் நிறைமதி தெளிவாக. முகம் சுளித்தது, தலை குறுக்கே ஆடியது, எல்லாம் சரியாக இருந்தது. பிறகு வாயைத் திறந்து காட்டினாள்.

"வேண்டாம்னா சாப்பிட வேண்டியதில்லடா. தட்டத் தள்ளி விட்டுரு. ஆட்டுக்குட்டி மாதிரி."

"வேண்டாம்" என்று சொல்லியபடியே தட்டைத் தள்ளினாள். சொன்னதால் தள்ளினாள். வடிவு மறுபடி தட்டை அருகில் வைத்து, பேசாமல் இருந்தாள். நிறைமதி சிறிது நேரம் அம்மா முகத்தைப் பார்த்தாள். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.

விஷயம் பள்ளிக்கூடம் வழியாக வெளியே போனது. வகுப்பு ஆசிரியை மருதனை அழைத்து, "உங்க பொண்ணு எது சொன்னாலும் வேண்டாங்குது சார். ஆனா சொல்லிட்டுச் செஞ்சிருது, அதனால தொந்தரவு ஒண்ணுமில்ல" என்றாள். அதற்கு நான்காம் நாள் வாரியத்திலிருந்து வண்டி வந்தது. பிள்ளையோடு வரச் சொல்லியிருந்தார்கள். மருதனும் கூட ஏறி, வழி நெடுகச் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாசலில் இருவரையும் இறங்கவிட்டு வண்டியிலேயே இருந்துகொண்டான்.

சிங்காரவேலு நிறைமதிக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார்.

"பாப்பா, அந்த நாற்காலி மேல ஏறி நில்லு பாப்போம்."

"வேண்டாம்" என்றாள் நிறைமதி. ஏறி நின்றாள்.

"இறங்கு."

"வேண்டாம்." இறங்கினாள்.

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, உண்மையாகவே.

"என்ன காரியம் பண்ணிருக்கீங்கம்மா. பெத்தவங்க எதுக்குப் பயந்தாங்க? பிள்ளை எதுத்து நிக்கும்னுதானே? டாக்டருங்க எதுக்குக் கத்துறாங்க? பிள்ளை வாயத் திறந்து சொல்றதில்லன்னுதானே? இதுல ரெண்டு பேருக்கும் குறை இல்லை. பிள்ளைக்குச் சொன்ன திருப்தி, நமக்கு நடந்த திருப்தி. நேத்தே பள்ளிக்கூடத்துல இதப் படம் பிடிச்சு பெத்தவங்களுக்கு அனுப்பிக் கேட்டாச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேர் சம்மதம்."

"சார், அது முளைச்ச முளை இல்ல. நான் மிதிச்ச முளை. பதினேழாம் நாள்லேருந்து அவ வேண்டாம்னு சொல்லச் சொல்ல நான் விரல வச்சு அழுத்தினேன். அதனாலதான் இப்படி."

"அதத்தான் நானும் சொல்றேன். பதினேழாம் நாள்லேருந்து பெற்றோர் விரல் வைக்கணும்னு செய்முறையில தெளிவா எழுதிருங்க. இல்லன்னா வேற மாதிரி முளைச்சுத் தொலைக்கப் போகுது."

மேசைமீது எழுதுபலகையைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். ஆட்டுக்குட்டி வரிகள் நான்கும் அதில் இருந்தன. கீழே, ஆக்கியவர் ஒப்புதல் என்று ஒரு கோடு.

"போடலைன்னா?"

"போட்டா இது ஆராய்ச்சி. போடலைன்னா அனுமதி இல்லாம பிள்ளை மூளையத் தொட்ட குற்றம். பிள்ளைய ஆறு மாசம் வாரியக் காப்பகத்துல வச்சுக் கவனிக்கணும். சட்டம் அப்படி இருக்கும்மா, நான் என்ன பண்ண?" என்றார் சிங்காரவேலு. அவர் குரலில் மிரட்டல் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

காப்பகத்தில் பிள்ளையை யார் யார் என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்று வடிவு நினைத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் எல்லாவற்றையும் செய்வாள். இருபத்தாறு லட்சம் பிள்ளைகளையும் நினைத்தாள். கதவு சாத்தியிருந்தது. நிறைமதி மிட்டாயைக் கடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் சார்" என்றாள் வடிவு.

சிங்காரவேலு பொறுமையாகத் தலையசைத்தார். எழுதுகோலை எடுத்து நீட்டினார். அவருக்கு அவசரமில்லை.

"வேண்டாம்" என்று இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டாள்.

கீழே இறங்கும்போது மின்தூக்கியில் இருவர் மட்டும் இருந்தார்கள். நிறைமதி நல்ல கையால் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் பத்துப் பதினைந்து நாளாகக் காணாத ஒரு நெருக்கம் இருந்தது.

"அம்மா, உனக்கு எத்தனை நாள் பாடுனாங்க?"